திருகோணமலைக் காற்றுக்கு எந்த அடுப்பு, எந்தக் கேத்தில்?

உவர்மலையில் வசிக்கும் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருக்கிறார். குச்சவெளிப் பக்கக் கடற்கரையில் நண்பர்களுடன் இரவு தங்கும்போது தேநீரும் சோறும் ஆக்கிக்கொள்ள வேண்டும். மார்கழி மழையில் மின்சாரம் போய்க் கடைகளும் பூட்டிக் கிடக்கும் நாட்களில் வீட்டில் நான்கு பேருக்குச் சமைக்கவும் அதே பொருட்கள் உதவ வேண்டும். அதற்கு எந்தச் சிறிய அடுப்பை, எந்தக் கேத்திலை வாங்கலாம்? தண்ணீரை எப்படிக் கொதிக்கவைத்தால் குடிக்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். வெளிநாட்டுக் காணொளிகள் பலவற்றைப் பார்த்தும் குழப்பமே மிஞ்சியதாம். பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தபடி இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாரணர் பிள்ளைகளைப் பாசறைகளுக்கு அழைத்துச் சென்ற அனுபவத்தை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தக் காணொளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றைச் செய்பவர்களில் பெரும்பாலோர் குளிரை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். சிறு காஸ் அடுப்புகளுக்கான ரின்களில் அடைத்து விற்கப்படும் பியூற்றேன் வாயு −0.5 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும் என்பதால், உறைபனி விழும் நாடுகளில் அது ரின்னுக்குள் திரவமாகவே கிடந்துவிடும், அடுப்பு எரியாது. ஆகவே −11.7 பாகையில் கொதிக்கும் ஐசோபியூற்றேனையும் −42 பாகையில் கொதிக்கும் புரொப்பேனையும் கலந்த விலைகூடிய ரின்களை அவர்கள் பரிந்துரைக்கிறார்கள். நமக்கோ மார்கழி விடியற்காலையிலும் இருபது பாகைக்குக் கீழே வெப்பநிலை இறங்குவது அரிது. இங்கே சாதாரண பியூற்றேன் ஆண்டு முழுவதும் தாராளமாக ஆவியாகும். ஹோட்டன் சமவெளிக்கோ நுவரெலியாவுக்கோ தை மாதத்தில் கூடாரம் கொண்டுபோகும் எண்ணம் இருந்தாலொழிய, அந்தக் கலப்பு வாயுவுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நம்முடைய எதிரி காற்று. வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை கச்சான் காற்று அனலாக வீசும். மாரியில் வாடை ஈரத்தோடு வீசும். சில ஆண்டுகளுக்கு முன் ஆவணி மாதத்தில் சம்பூர்க் கடற்கரையில் பிள்ளைகளுக்குத் தேநீர் வைக்க முயன்றபோது, மறைப்பு எதுவுமில்லாத காஸ் அடுப்பில் ஒன்றரை லீற்றர் தண்ணீர் அரை மணித்தியாலம் கடந்தும் சுடுதண்ணீராகவே இருந்தது. பிறகு மூன்று பக்கமும் பிரயாணப் பெட்டிகளை அடுக்கி மறைத்தோம். பத்து நிமிடத்துக்குள் கொதித்துவிட்டது. அடுப்பும் அதே அடுப்பு, ரின்னும் அதே ரின். அன்றிலிருந்து யார் என்னிடம் அடுப்பைப் பற்றிக் கேட்டாலும், காற்று மறைப்புக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

எவ்வளவு எரிபொருள் தேவைப்படும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமல்ல. 28 பாகையில் இருக்கும் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 கிலோயூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் பியூற்றேன் எரிந்தால் 45 கிலோயூலுக்குச் சற்று அதிகமான வெப்பம் கிடைக்கும். ஆனால் அதில் பாதிக்கும் குறைவானதே தண்ணீருக்குப் போய்ச் சேரும், மிச்சம் காற்றோடு போய்விடும். ஆகவே மறைப்பு உள்ள இடத்தில் லீற்றருக்கு 14 முதல் 16 கிராம் வரை செலவாகும் என்று கொள்ளலாம். 220 கிராம் ரின் ஒன்றில் பதினான்கு லீற்றர் அளவில் கொதிக்கவைக்கலாம். நான்கு பேருள்ள வீட்டில் குடிதண்ணீர் முழுவதையும் கொதிக்கவைத்து, ஒரு நேரம் சோறும் ஒரு கறியும் ஆக்கினால் நாளொன்றுக்கு ஒரு ரின் முடிந்துவிடும். மூன்று நாள் மழைக்கு மூன்று ரின்களும், மேலதிகமாக ஒன்றும் வீட்டில் இருக்க வேண்டும். 2.3 கிலோ எரிவாயு அடங்கிய சிறு கொள்கலனுக்கும் இதே கணக்குத்தான்: அதே வீட்டுக்குப் பத்து நாட்களுக்கு மேல் வரும். கையில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகத்தான் அது உதவாது.

கடைகளில் பெட்டியோடு விற்கப்படும் தட்டையான ரின் காஸ் அடுப்பே உங்கள் தேவைக்கு முதல் தெரிவு. அகன்ற அடியுள்ளது, கவிழாது, மணலில் ஒரு பலகைத் துண்டை வைத்து அதன் மேல் நிறுத்தலாம். ரின்னின் தலையில் நேரே திருகிப் பொருத்தும் சிறிய அடுப்புகள் சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு இலேசானவைதான். ஆனால் ஒரு கிலோ சோற்றுப் பானையை அவற்றின் மூன்று கால்களில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அவற்றுக்கான திருகு ரின்களும் நம் ஊர்க் கடைகளில் எப்போதும் கிடைப்பதில்லை.

தட்டை அடுப்பில் விபத்துகள் நேர்வது பெரும்பாலும் இரண்டு வழிகளிலேதான். பெரிய தாச்சியையோ அகன்ற இரும்புத் தகட்டையோ ஏற்றும்போது அதன் விளிம்பு ரின் இருக்கும் அறையின் மேல் நீண்டுவிடுகிறது. மேலிருந்து திரும்பும் வெப்பம் ரின்னைச் சூடாக்க, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. காற்றுக்கு மறைப்பு வைக்கிறோம் என்று அடுப்பைச் சுற்றித் தகரத்தை நெருக்கமாக வளைத்துவிட்டாலும் அதுவே நடக்கும். மறைப்பை மூன்று பக்கம் மட்டும், ஒரு சாண் இடைவெளி விட்டு, ரின் உள்ள பக்கம் திறந்திருக்கும்படி வையுங்கள். இடையிடையே ரின் அறையின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அழுத்தம் மிகுந்தால் ரின்னைத் தானாகக் கழற்றிவிடும் பொறிமுறை உள்ள அடுப்புகள் உண்டு. விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் கண்டிக்காமல் விட முடியாது. வெற்று ரின்களுக்குள் வீட்டுக் கொள்கலனிலிருந்து எரிவாயுவை நிரப்பும் பித்தளை இணைப்புகள் இணையத்தில் மலிவாக விற்கின்றன. வீட்டுக் கொள்கலனில் இருப்பது புரொப்பேனும் பியூற்றேனும் கலந்தது. 30 பாகையில் பியூற்றேனின் ஆவியழுத்தம் மூன்று வளிமண்டலத்துக்கும் குறைவு. புரொப்பேனின் அழுத்தமோ பத்தைத் தாண்டும். மெல்லிய தகர ரின் பியூற்றேனுக்காகச் செய்யப்பட்டது. 2021இன் இறுதி மாதங்களில் நாடெங்கும் குசினிகளில் நடந்த எரிவாயு வெடிப்புகளைக் கண்ட பிறகும் ஒருவர் இந்த வேலையைச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபந்தான் வருகிறது.

மண்ணெண்ணெய் அடுப்பு நம் கரையோரத்துக்குப் பழைய தோழன். 1892இல் சுவீடனைச் சேர்ந்த பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ற் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பு, எண்ணெயை முதலில் சூடாக்கி ஆவியாக்கி எரிப்பதால் கரி படியாமல் நீலச் சுவாலை தரும். ஸ்பிரிற் ஊற்றிக் கிண்ணத்தைச் சூடாக்கி, பம்ப் அடித்து, துவாரம் அடைத்தால் ஊசியால் குத்தி எடுத்த தலைமுறைக்கு அதன் இரைச்சல் இன்றும் காதில் இருக்கும். காற்றை எதிர்த்து நிற்பதில் காஸ் அடுப்பைவிட அது மேல். ஒரு லீற்றர் தண்ணீருக்கு இருபது மில்லிலீற்றர் அளவு எண்ணெய் போதும். ஆனால் அதைப் பழகாத கைகளில் கொடுக்க நான் துணிய மாட்டேன். போதிய சூடு ஏறுமுன் பம்ப் அடித்தால் திரவ எண்ணெய் பீறிட்டு முகமளவு உயரத்துக்குத் தீ எழும். போத்தலில் பெற்றோல் சிறிது கலந்திருந்தாலும் நிலைமை மோசம். மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற 38 பாகைக்கு மேல் வேண்டும், பெற்றோலின் ஆவிக்கோ எந்தக் குளிரும் தடையில்லை. திரி அடுப்பு இதைவிடச் சாது. அதன் கரியும் மணமும் பொறுத்துக்கொள்ள வேண்டியவை. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் எறியாதீர்கள், திரியை மாற்றி வைத்திருங்கள்.

ஸ்பிரிற் அடுப்பும் வெள்ளை மாத்திரை எரிபொருளும் ஒருவர் தனியாக நடந்து செல்லும் பயணத்துக்கு ஏற்றவை, குடும்பத்துக்குப் போதாது. ஸ்பிரிற்றின் சுவாலை பகல் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதாக நினைத்து எரிந்துகொண்டிருக்கும் கிண்ணத்துக்குள் மீண்டும் ஊற்றுவதே அதன் பெரிய ஆபத்து.

அடுப்பை விடுத்துக் கேத்திலுக்கு வருகிறேன். பலர் அடுப்புக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, கேத்திலுக்குக் கையில் அகப்பட்டதை எடுத்துப் போகிறார்கள். உண்மையில் எரிபொருளை மிச்சம் பிடிப்பதில் கேத்திலின் வடிவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அடி அகலமாகவும் தட்டையாகவும், உயரம் குறைவாகவும் இருக்க வேண்டும். சுவாலை அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறினால் அந்தச் சூடு வீண். மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். கைப்பிடியில் பிளாஸ்ரிக் இருந்தால் விறகடுப்பில் வைக்க முடியாது. கம்பிக் கைப்பிடி, அதுவும் நிமிர்த்தினால் நிமிர்ந்தபடி நிற்பது நல்லது. விழுந்து கேத்தில் வயிற்றில் சாயும் கைப்பிடியைப் பிடித்து விரல் சுட்டுக்கொண்ட பிள்ளைகளை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். விசில் அடிக்கும் கேத்திலைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். கொதித்த கணத்தில் அணைக்கச் சொல்லும் அந்த விசில் ஒரு ரின்னில் எத்தனையோ கிராமை மிச்சப்படுத்தும். அளவைப் பொறுத்தவரை ஒன்றரை லீற்றர் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் இரண்டு பேணித் தேநீருக்கும் அரைக் கேத்தில் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பழக்கம் வந்துவிடும்.

எந்த உலோகம் என்று கேட்டால், அலுமினியம் வெப்பத்தைக் கறையற்ற உருக்கைவிடப் பதினைந்து மடங்கு அளவில் நன்றாகக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் அடித்தகடு மெல்லியதாக இருப்பதால் தண்ணீர் கொதிக்க எடுக்கும் நேரத்தில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எடையைப் பார்த்தால் அலுமினியம். உப்புக்காற்றையும் அடியையும் தாங்க வேண்டுமென்றால் உருக்கு. உப்புக்காற்று நிறைந்த நம் ஊருக்கு நான் உருக்கையே சொல்வேன். ரைற்றேனியம் இலேசானது, விலையோ பாரமானது. முதுகில் சுமந்து பல நாள் நடப்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். நம் பகுதிக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கடினமானது என்பதால் சில மாதங்களில் கேத்திலின் உள்ளே வெள்ளைப் படிவு ஏறும். தேசிக்காய்ப் புளி விட்டு ஒருமுறை கொதிக்கவைத்து ஊறவிட்டால் கழன்றுவிடும். வெளியே படிந்த கரியைப் பளபளக்கத் தேய்க்க வேண்டாம்; கறுத்த அடி சூட்டை நன்றாகவே உறிஞ்சும்.

இனி, என் மனத்துக்கு மிகப் பிடித்த பொருளைப் பற்றிச் சொல்கிறேன். புகைபோக்கிக் கேத்தில் என்று இதைத் தமிழில் அழைக்கலாம். இரண்டு சுவர்களுக்கு நடுவில் தண்ணீர் நிற்கும். நடுவே குழாய் போன்ற வெற்றிடம் கீழிருந்து மேல்வரை போகும். அடியில் உள்ள சிறு தட்டில் சுள்ளி எரியும். தீ குழாய்க்குள் ஏறும்போது தண்ணீர் அதைச் சுற்றி நிற்பதால் சூடு வெளியே தப்ப வழி குறைவு. காற்று அடிக்க அடிக்கக் குழாயில் இழுவை கூடி இன்னும் வேகமாக எரியும். எல்லா அடுப்புக்கும் எதிரியாக இருக்கும் கச்சான், இதற்கு மட்டும் வேலையாள். அயர்லாந்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கெல்லிக் கேத்தில் என்ற பெயரில் இது புழக்கத்தில் உள்ளது. நியூசிலாந்தில் ஜோன் ஹார்ட் என்பவர் 1929இல் இதே தத்துவத்தில் தேர்மெற் என்ற கருவியைச் செய்தார், இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டுப் படையினர் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் அதில்தான் தேநீர் வைத்தார்கள்.

நம் ஊரில் இதற்கு எரிபொருள் காலடியில் கிடக்கிறது. உடைத்த சிரட்டை, பன்னாடை, காய்ந்த கொக்கறை, பொச்சு, ஊமல், சவுக்கஞ்சுள்ளி எல்லாம் ஆகும். முதலில் பன்னாடையில் நெருப்பு வைத்து, விரல் தடிப்புச் சுள்ளிகளை மேலே குழாய் வாயால் ஒவ்வொன்றாகப் போட்டால், ஒரு லீற்றர் தண்ணீர் ஐந்து முதல் எட்டு நிமிடத்துக்குள் கொதித்துவிடுகிறது. இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். தண்ணீர் இல்லாமல் தீ மூட்டக் கூடாது, பொருத்துகள் கழன்றுவிடும். தீ எரியும்போது தண்ணீர் வாயின் அடைப்பானை எடுத்துவிட வேண்டும். அடைத்தபடி கொதிக்கவைத்தால் ஆவி சேர்ந்து கொதிநீரைப் பீச்சியடிக்கும். உள்ளூர்த் தகர வேலையாளிடம் ஒன்றைச் செய்விக்கும் எண்ணம் எனக்கும் வந்தது, கைவிட்டேன். ஈயப் பற்றாசு பிடித்த பொருத்துகள் 200 பாகைக்குள் உருகிவிடும்; உருகாவிட்டாலும் ஈயம் குடிதண்ணீரில் சேரும். பற்றவைத்த உருக்குப் பொருளாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

சுள்ளி பொறுக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஒன்று உண்டு. களப்போரத்தில் நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும், அதன் புகையும் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அலரிக் கம்பும் நஞ்சு. கண்டல் மரங்களை வெட்டுவது சட்டப்படி குற்றம். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாமலைத் தீவில் எந்த அடுப்பையும் மூட்ட நினைக்க வேண்டாம்; அங்கே போவதானால் போத்தலில் சுடுதண்ணீர் கொண்டுபோங்கள்.

விறகு எரியும் கேத்தில் ஏன் காஸ் அடுப்போடு கூட வேண்டும் என்று கேட்பீர்கள். 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஒரே நேரத்தில் வரிசையில் நின்றோம். அப்போது நம் வீட்டில் எரிந்தது சிரட்டை மட்டுமே. மாறாக, மாரியில் ஊரெல்லாம் நனைந்து கிடக்கும்போது சுள்ளி பற்றாது. அன்று ரின் காஸ் கைகொடுக்கும். ஒரே அடுப்பில் எல்லாம் நடக்க வேண்டும் என்ற உங்கள் நிபந்தனையை மட்டும் நான் ஏற்கவில்லை. இரண்டு எரிபொருள் வேண்டும்; அவற்றில் ஒன்று கடையை நம்பாததாக இருக்க வேண்டும். மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளி ஒன்றில் புரட்டாதி முடியுமுன் சிரட்டையும் பன்னாடையும் நிரப்பி வைத்துவிட்டால் மாரிக்கும் கவலை குறையும்.

இதையெல்லாம் வீட்டுக்குள் பாவிக்கும்போது காற்றுப் போதாமல் எரியும்போது உண்டாகும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவை மறக்காதீர்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, கதவு யன்னல் எல்லாவற்றையும் சாத்தி, இடுக்குகளில் துணியும் அடைத்துவிட்டு நடு அறையில் காஸ் அடுப்பை வைத்துத் தேநீரும் கஞ்சியும் மாறி மாறிக் காய்ச்சினோம். இரண்டு மணித்தியாலத்தில் எனக்குத் தலை இடித்தது, மகளுக்குக் குமட்டியது. புயல் பயம் என்றுதான் நினைத்தோம். காற்று சற்றுத் தணிந்து பின்கதவைத் திறந்ததும் இருவருக்கும் தெளிந்தது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, குருதியில் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். விஞ்ஞான ஆசிரியனே கோட்டைவிட்ட இடம் இது. காற்று மறைவான பக்கத்து யன்னல் ஒன்றை ஒரு சாண் அளவாவது திறந்து வையுங்கள். கூடாரத்துக்குள் எந்த அடுப்பும் வேண்டாம். சிரட்டைக் கரிக்கும் இதே விதிதான். வள்ளத்தில் காஸ் கொண்டுபோவோருக்கு இன்னொன்று: பியூற்றேன் காற்றைவிட இரண்டு மடங்கு பாரமானது, கசிந்தால் வள்ளத்தின் அடியிலோ மணற்குழியிலோ தேங்கி நிற்கும். காற்றுக்குப் பயந்து காஸ் அடுப்பைக் குழிக்குள் இறக்காமல் இருப்பதற்கும் காரணம் அதுவே.

தண்ணீரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குமிழி பொங்கிப் புரளும் கொதிநிலையில் ஒரு நிமிடம் விட்டால் நம் ஊரில் நோய்க்கிருமிகளுக்கு அது போதும். சிவனொளிபாதமலை போன்ற 2000 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் தண்ணீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிப்பதால் மூன்று நிமிடம் விட வேண்டும். பத்து நிமிடம் கொதிக்கவைப்பது எரிபொருளை வீணாக்குவது. கலங்கல் தண்ணீரைத் தெளியவிட்டுத் துணியில் வடித்த பிறகு கொதிக்கவையுங்கள். கடல்நீர் புகுந்த கிணற்றுக்கு இது மருந்தல்ல: கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு கேத்திலிலேயே நிற்கும், கரிப்பு கூடும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். உழவு மருந்து கலந்த வெள்ளநீரும் அப்படியே. குடிதண்ணீரை மழைக்கு முன்பே கலன்களில் சேர்த்து வைப்பதே அதற்கு வழி. கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரைத் தேநீருக்குப் பிடித்தால் காஸ் மிச்சமாகுமே என்று ஒரு மாணவன் ஒருமுறை கேட்டான். குளிக்க இதமான அந்தச் சூட்டில் தேயிலையும் ஊறாது, கிருமியும் சாகாது.

ஆகவே வாங்க வேண்டியவை: அழுத்தப் பாதுகாப்புள்ள தட்டை ரின் காஸ் அடுப்பு ஒன்று, நான்கு ரின்கள், ஒன்றரை லீற்றர் அகன்ற உருக்குக் கேத்தில் ஒன்று, மடிக்கக்கூடிய தகர மறைப்பு ஒன்று. கையில் காசு மிஞ்சினால் புகைபோக்கிக் கேத்தில். மிஞ்சாவிட்டால் மூன்று கல்லும் அதே உருக்குக் கேத்திலும், விறகு மட்டும் இரண்டு மூன்று மடங்கு கூடச் செலவாகும். இரண்டு நெருப்புப்பெட்டிகளை இறுக மூடும் போத்தலுக்குள் போட்டு வையுங்கள். லைட்டரை மட்டும் நம்பாதீர்கள், உப்புக்காற்றில் அதன் சக்கரம் துருவேறிச் சிக்கிக்கொள்ளும்.

கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றே அடுப்பின் ரின்னைக் கழற்றிவிட்டு, எரிதலையை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். ரின்களை வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விட்டுவிட வேண்டாம். அவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட 50 பாகையை நம் ஊர்ப் பகல் வெயிலில் பூட்டிய காரின் உட்புறம் எளிதாகத் தாண்டும். வீட்டில் அடுப்படிக்கு எட்டத்தில், காற்றோட்டமான நிழலில், நிலத்திலிருந்து சற்று உயர்த்தி வைத்தால் அடியில் துரு பிடிக்காது. ஐப்பசி பிறந்ததும் ஒவ்வொன்றின் விளிம்பையும் தடவிப் பார்த்து, துரு கண்டதை முதலில் எரித்து முடித்துவிடுங்கள்.